பெரிய கரடியின் வசனம்

எங்கள் ஸ்டூடியோவில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வசனம் வந்தாச்சா?" என்று கேட்டால் பக்கங்கள் வந்துவிட்டனவா என்றும் அர்த்தம், நான் வந்துவிட்டேனா என்றும் அர்த்தம். இருபத்திரண்டு வருஷமாக வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். முயல், வாத்து, பேசும் லாரி, கோபித்துக்கொள்ளும் பல் பிரஷ் எல்லாம் என் தமிழில்தான் வாயாடுகின்றன. வீட்டில் மட்டும் எனக்கு வாய் கிடையாது.

ஒவ்வொரு படத்தையும் நாங்கள் இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை சத்தத்தோடு பார்த்து, யார் என்ன சொல்கிறார்கள் என்று எழுதிக்கொள்வோம். இரண்டாம் தடவை சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு வாயை மட்டும் பார்ப்போம். எங்கே வாய் திறக்கிறது, எங்கே உதடு ஒட்டுகிறது என்பதுதான் கணக்கு. ஒட்டுகிற இடத்தில் ப வர வேண்டும், இல்லாவிட்டால் ம வர வேண்டும். அங்கே க-வையோ த-வையோ வைத்தால், பார்க்கிற குழந்தைக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் நடக்கிறது என்று தெரிந்துவிடும். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, சத்தத்தைக் கேட்காமல் வாயைப் பார்க்காதே என்பதுதான். நானே அதை மீறினேன்.

போன மாதம் பழைய குட்டிப் படங்கள் முப்பது வந்தன. முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வெளியூர்ல புதுசா ஆரம்பிக்கறாங்கல்ல, அங்க வசனப் பிரிவு முழுக்க உன் கையில குடுக்கறாங்கம்மா. ரெண்டு வருஷம். தங்க எடமும் அவங்களே தர்றாங்க. இந்த முப்பதுலேர்ந்துதான் சாம்பிள் அனுப்பப்போறேன், பாத்துப் பண்ணு. அடுத்த சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள நீ வர்றியா, வரலியான்னு சொல்லிடணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துப்பாங்க."

"அப்பா இருக்காரே சார்."

"தம்பி இருக்கான்ல?"

இருக்கிறான். ஆறு மணி நேரப் பயணத்தில், மனைவியோடு, மூன்று அறை வீட்டில் இருக்கிறான். எங்கள் குடும்பத்தில் தம்பி இருக்கிறான் என்பது ஒரு தகவல், அவ்வளவுதான். அதை நம்பி யாரும் எதையும் செய்ய முடியாது. அப்பாவுக்கு எண்பத்தொன்று. இரண்டு வருஷம் முன்னால் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்கும். பகலில் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்வார், மற்ற நேரம் எல்லாம் நான். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த மாதிரி ஒரு வாய்ப்பு இனிமேல் வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போக வேண்டும் என்று அடக்க முடியாத ஆசையாக இருந்தது. யோசிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த முப்பதில் பதினேழாவது படத்தைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு கரடிகள், ஒரே ஒரு கட்டில், ஒரு தேன் ஜாடி. எங்கள் படம்.

அம்மா இறந்துபோனபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அப்பா துறைமுக அலுவலகத்தில் வெளிநாட்டுக் கடிதங்களை மொழிபெயர்க்கிறவர். அந்த வருஷம் ஏதோ ஒரு கப்பல்காரர் அவருக்கு ஒரு வீடியோ கேசட் கொடுத்தார். அதில் இருந்த ஒரே படம் இது. பேச்சு எங்களுக்குப் புரியாது. அப்பா டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, இரண்டு குரலில் அவரே தமிழில் பேசுவார். பெரிய கரடி அக்கா. சின்னக் கரடி தம்பி. வீட்டில் ஒரே கட்டில், ஒரே ஜாடி தேன். தம்பிக்குக் கடல் பார்க்க ஆசை, ஆனால் ரயிலுக்கு ஒரு டிக்கெட்தான் இருக்கிறது. அக்கா தம்பிக்குத் தலை சீவிவிட்டு, ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த ஒரு டிக்கெட்டை அவன் கையில் வைப்பாள். அவன் திரும்பிப் பார்ப்பான். அப்போது அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கனத்த, ஆனால் அன்பான குரலில் சொல்வார்: "பரவால்ல, போ." ரயில் போனதும் பெரிய கரடி வீட்டுக்கு வந்து கட்டிலில் ஏறிக் குதித்துக் குதித்து ஆடும். "தம்பி கடல் பாக்கப்போறான்னு அக்காவுக்கு சந்தோஷம் தாங்கல பாரு," என்று சொல்லி அப்பா கேசட்டை நிறுத்திவிடுவார். படம் முடிந்தது, போய்ப் படுங்கள்.

நூறு தடவை பார்த்திருப்போம். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நெஞ்சு நிறைந்துவிடும். நான்தான் அந்தப் பெரிய கரடி என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பிறகு ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை வந்தால் பரவால்ல, சைக்கிள் ஒன்று வந்தால் பரவால்ல. பதினெட்டு வயதில் ஒலிப்பதிவுப் படிப்புக்கு வெளியூரில் இடம் கிடைத்தது. வீட்டை யாரம்மா பார்ப்பார்கள் என்று அப்பா கேட்டார், பரவால்லப்பா என்றேன். தம்பிக்குப் பதினேழு ஆனபோது அவன் வெளியூர் போனான், வீட்டை யார் பார்ப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் அவன் பெட்டியை அடுக்கினேன், சந்தோஷமாக. அப்புறம் எடிட்டிங்கில் ஒருத்தர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அப்பாவை விட்டு எப்படி வருவேன் என்றேன். அவர் ஒரு வருஷம் காத்திருந்துவிட்டுப் போனார். அவரிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். இளிச்சவாய் என்று ஊர் சொல்லும். நான் அதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பதினேழாவது படத்துக்கு நான் முதல் பார்வை பார்க்கவே இல்லை. எனக்குத்தான் தலைகீழாகத் தெரியுமே. நேராகச் சத்தத்தை அணைத்துவிட்டு வாயைப் பார்த்து எழுதினேன். என்ன ஒரு அதிசயம், அப்பாவின் "பரவால்ல, போ" கரடியின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. முதலில் ஒட்டுகிற இடத்தில் ப, கடைசியில் ஒட்டுகிற இடத்தில் போ. முப்பத்தொன்பது வருஷம் முன்னால், எந்தப் பயிற்சியும் இல்லாமல், ஒரு குமாஸ்தா இதைச் செய்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரே ஒரு விஷயம் புதிதாக இருந்தது. கட்டிலில் ஆடுகிற இடத்தோடு படம் முடியவில்லை, இன்னும் ஒரு நிமிஷம் ஓடியது. சின்னக் கரடி திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது. பெரிய கரடி எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்துகிறது. பிறகு திறந்து ஒரு விளக்குமாறைக் கொடுக்கிறது. நான் பாட்டுக்கு அதற்கும் வாயைப் பார்த்து வசனம் எழுதினேன். முப்பதையும் முடித்துச் சரிபார்ப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

மறு வியாழக்கிழமை காலையில் செக்கர் பெண் பக்கங்களோடு வந்து நின்றாள். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மூலப் படத்தோடு தமிழை ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சந்தேகம்னா ஒரு வரில இருக்கும். இது என்ன, பக்கம் பூரா செகப்பா இருக்கு?"

"இல்ல மேடம், வேற படத்தோட பக்கத்த மாத்திக் குடுத்துட்டீங்களோன்னு..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் எழுத ஆரம்பிச்சப்ப நீ பல்லு கூட வெளக்கியிருக்க மாட்ட. இந்தப் படம் எனக்கு மனப்பாடம்."

"அது தெரியுது மேடம். ஆனா பாருங்க, அவன் வெளிய நிக்கறான், இவ கதவச் சாத்தறா. நீங்க 'வாடா தம்பி, குளிரு உள்ள வந்துடும்'னு எழுதியிருக்கீங்க. வெளிய நிக்கறவன வாடான்னு சொல்லிட்டு யாராவது கதவச் சாத்துவாங்களா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். நான் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, போட்டுக் காட்டு என்றேன்.

அந்த மொழியில்தான் நான் இருபத்திரண்டு வருஷமாகச் சோறு தின்கிறேன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. தலை சீவிவிடுகிற இடத்தில் பெரிய கரடி சொல்கிறது, உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது என்று. கடலோரத்தில் தேன் ஆறாக ஓடுகிறது என்று புளுகி, அவனை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுச் சொல்வது: "போய்த் தொலை." கட்டிலில் குதித்து ஆடும்போது பாட்டு வேறு பாடுகிறது, ஒழிந்தான் ஒழிந்தான், இனிமே கட்டில் எனக்கு, தேன் எனக்கு, வீடு எனக்கு என்று. அவன் ஏமாந்து திரும்பி வந்தால் கதவைச் சாத்துகிறது. அவன் கெஞ்சியதும் திறந்து, விளக்குமாறைக் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலில் கால் மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு, அந்த மூலையைப் பெருக்கு, இந்த மூலையைப் பெருக்கு என்கிறது. சுபம். அந்த நாட்டுக் குழந்தைகள் எல்லாம் வயிறு வலிக்கச் சிரித்திருக்கும்.

விளக்குமாறு கொடுக்கிற இடத்தில் நான் எழுதியிருந்தது, "உனக்கு என்ன வாங்கி வச்சிருக்கேன் பாரு." அப்பா நிறுத்திய இடத்துக்கு அப்புறமும் அப்பா வேலையை நான் தொடர்ந்து செய்திருக்கிறேன். அவர்கூட அவ்வளவு தூரம் போகவில்லை.

அப்பாவுக்கு மொழி தெரியாமல் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று நினைக்க வழியில்லை. எனக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவர் என் காதில் பூச் சுற்றியிருக்கிறார். அதுவும் வாயசைவுக்குப் பொருத்தமாக.

"யானைக்கும் அடி சறுக்கும் மேடம்," என்றாள் அந்தப் பெண், ஆறுதலாக. "சாருக்குத் தெரிய வேணாம். இன்னைக்கே மாத்திக் குடுத்துடுங்க."

ஒரு மணி நேரத்தில் மாற்றி எழுதினேன். "போய்த் தொலைடா போ" என்று வைத்தேன். அதுவும் கச்சிதமாக உட்கார்ந்தது. வாய்க்கு எது வேண்டுமானாலும் ஒட்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பக்கங்களை அவளிடம் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பினேன்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பகலில் பார்த்துக்கொள்கிற அம்மாவை அனுப்பிவிட்டு, லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். "உங்களுக்கு ஒரு படம் போடறேன்ப்பா."

முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிட்டார். "அட, இது எங்க கெடச்சுது?" குழந்தை மாதிரி முன்னால் சாய்ந்துகொண்டார். சத்தத்தை முழுக்க வைத்திருந்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சரியாகச் சிரித்தார். போய்த் தொலை என்ற இடத்தில் தொடையைத் தட்டினார். விளக்குமாறு வந்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

"இந்த எடந்தான் பிரமாதம். நீங்க தூங்கினப்புறம் இத மட்டும் தனியா போட்டுப் பாப்பேன்."

"அப்ப எங்களுக்கு ஏன்ப்பா மாத்திச் சொன்னீங்க?"

மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்துட்டு தெனம் அடிச்சுக்குவீங்க. உங்க அம்மாவும் இல்ல. எட்டு மணிக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும். யாராவது ஒருத்தர் விட்டுக்குடுத்தாதான வீடு நடக்கும்?"

"அது ஏன் நானு?"

"அவன்கிட்டயும் சொல்லிப் பாத்தேன், கேக்கல. நீ கேட்ட." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சொன்னா கேக்கறவங்ககிட்டதானம்மா சொல்ல முடியும்?"

"சரி, சின்னப் புள்ளைங்களுக்குச் சொன்னீங்க. நான் பெரியவளானப்புறம்? படிக்கப் போறேன்னு நின்னப்ப, அவரு ஒரு வருஷம் காத்துட்டு இருந்தப்ப, அது சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதும்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நல்லா ஓடிட்டிருக்கற வண்டிய யாராவது நிறுத்துவாங்களா?" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. எட்டு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும் என்று சொன்ன அதே குரல்தான். "உன்ன என்ன கொறையா சொன்னேன்? நல்ல பொண்ணுன்னுதான எல்லார்கிட்டயும் சொல்றேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. எண்பத்தொரு வயதுக்காரரை, இடுப்பு உடைந்தவரை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. நாலு மணி ஆகியிருந்தது. அவருடைய நாலு மணி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் போய்த் துணி காயப்போடுகிற இடத்தில் நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"அப்பாவ ரெண்டு வருஷம் நீ வச்சுக்கணும். நான் வெளியூர் போறேன்."

"திடீர்னு சொன்னா எப்படிக்கா? எங்க வீடு ரெண்டாவது மாடி."

"லிஃப்ட் இருக்குன்னு நீதான போட்டோ அனுப்பின."

"அது பாதி நாள் நின்னுடுதுக்கா. இவளும் வேலைக்குப் போறா. நீன்னா பழகிட்ட. உனக்கு அது கஷ்டமாவே தெரியாது."

"டேய், உனக்கு அந்தக் கரடிப் படம் ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கரடி?"

சொன்னேன். கேசட், கட்டில், டிக்கெட், அப்பாவின் இரண்டு குரல். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பொய் சொல்கிறவன் யோசிக்க மாட்டான்.

"இல்லையேக்கா. நம்ம வீட்ல அப்ப டிவியே இருந்துச்சா?"

என் வாழ்க்கையையே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு டிவி இருந்ததுகூட ஞாபகம் இல்லை. அப்பா மேல் வந்ததைவிட எனக்கு அப்போது வந்த கோபம் பெரிது.

"நெனச்சுப் பாருக்கா, கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா? அடுத்த வருஷம்..."

"முடியாதுடா," என்றேன். மு என்றால் உதடு ஒட்டியே ஆக வேண்டும். நூறு பாத்திரங்களுக்கு இந்த வார்த்தையை எழுதிக்கொடுத்திருக்கிறேன், நான் ஒரு தடவையும் சொன்னதில்லை. "மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வா. திங்கக்கெழம நான் இங்க இருக்க மாட்டேன்."

அவன் கத்தினான், பிறகு கெஞ்சினான், பிறகு அவன் மனைவியிடம் போனைக் கொடுத்தான். நான் வைத்துவிட்டேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளியிடம் வருகிறேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். அவர் தடுக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. "அங்க குளிக்கற எடத்துல கைப்பிடி இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். கைப்பிடி வாங்கித் தம்பி வீட்டு முகவரிக்கு அனுப்பினேன். மாத்திரைகளை நேரவாரியாக மூன்று பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் காகிதம் ஒட்டினேன். அவருக்குப் படுக்கும்போது முதுகுக்கு எத்தனை தலையணை, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். இதெல்லாம் எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. போக வேண்டாம் என்று தோன்றிய அழுகை இல்லை. இத்தனையும் எனக்குத் தெரிந்திருக்கிறதே என்ற அழுகை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவன் ஒரு மணி வரை வரவில்லை. ஆறு தடவை போன் போட்டேன். ஏழாவது தடவை, டயர் பஞ்சர் என்றான். வாடகை வண்டியிலிருந்து இறங்கும்போதே முகம் உர்ரென்று இருந்தது. என்னிடம் பேசவில்லை. அப்பாவின் பெட்டியைத் தூக்கி, இதை எங்கே வைப்பது என்று டிரைவரிடம் கேட்டான்.

அப்பாவை நான்தான் மெல்ல நடத்திக்கொண்டு வந்தேன். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலை உள்ளே வைத்து, இடுப்பைத் திருப்பி, இன்னொரு காலை நான் தூக்கி வைத்தேன். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சீட்டில் சாய்ந்துகொண்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற தம்பியைக் காட்டி, மாடி வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"புள்ளன்னா இவந்தான் சார். ஒரு வார்த்ததான் சொன்னேன், ஓடி வந்துட்டான்."

மாடி வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாக்கரை மடக்க ஆரம்பித்தார். தம்பி போனிலிருந்து நிமிர்ந்து, கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். அன்றைக்கு அவன் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. வந்து அப்பாவின் தோளைத் தொட்டு, "ஏசி போதுமாப்பா?" என்று கேட்டான். போதும்ப்பா என்றார் அப்பா.

வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினேன். மூன்று மாத்திரைப் பெட்டிகளையும் தம்பியின் கையில் வைத்து, காலையில் எது, மத்தியானம் எது, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். சரிக்கா, சரிக்கா என்று சொல்லிக்கொண்டே அவன் ஏறி உட்கார்ந்தான். ராத்திரிப் பெட்டியைப் பற்றிச் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.